சத்தம் போட்டால்தான் இழுவையா?

கமக்காரருடைய காது சாதாரணக் காதல்ல. இரவு இறைப்பு நேரத்தில் திண்ணையில் படுத்திருந்தபடியே, கிணற்றடியில் ஓடும் மெசின் தண்ணீரை இழுக்கிறதா, காற்றை இழுக்கிறதா என்று சொல்லிவிடுவார். லாண்ட்மாஸ்ரரில் ஒரு போல்ட் தளர்ந்தாலும் வரம்பில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். அதே மனிதர் இடம்பெயர்ந்து கடலோரத்துக்கு வந்து ஒரு படகில் ஏறும்போது மட்டும் அந்தக் காதைக் கரையிலேயே விட்டுவிட்டு ஏறுகிறார். படகு என்றால் இரையும், உதறும், புகைக்கும். அது கடலின் விதி என்று எண்ணிக்கொள்கிறார். இந்த எண்ணம் தவறானது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. பழைய படகின் சத்தமும் நடுக்கமும் விதியல்ல, நோய். அதற்குக் காரணம் உண்டு, பரிகாரமும் உண்டு. அந்தப் பரிகாரத்தைப் பொதுப் பணத்தின் முதற் செலவாகக் கொள்ளவேண்டும், கடைசிச் செலவாக அல்ல.

தீவகக் கரையொன்றில் குடியேறிய சில குடும்பங்களின் படகை வைத்தே பேசுகிறேன். 1990களில் தோட்ட நிலங்களை விட்டு வெளியேறி, பல இடங்களில் தங்கி, உறவினர் வழியாக அங்கே வந்து சேர்ந்தவர்கள். வெங்காயமும் மரக்கறியும் பயிரிடுகிறார்கள். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பொதுச் சேமிப்பில் ஒரு பழைய மரப் படகை வாங்கினார்கள். 1950களின் பிற்பகுதியில் எமது கரைகளில் அறிமுகமான மூன்றரைத் தொன் படகு வகையைச் சேர்ந்தது அது. நடுவில் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். மரக்கறி மூடைகளோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிளினிக்குக்குப் போகும் தாய்மார், சில நாட்களில் ஆடுகளும் பயணம் செய்கின்றன. ஒரு வழிப் பயணம் முக்கால் மணித்தியாலம்.

எஞ்சின் நேரடியாகக் கட்டைமீது இறுக்கப்பட்டிருந்தது. இடையில் றப்பர் எதுவும் இல்லை. புகைக்குழாய் பயணிகள் இருக்கும் பலகையின் அருகால் சென்று பக்கவாட்டில் வெளியேறியது. சைலன்சர் உள்ளே துருப்பிடித்து வெறும் தகரப் பேணியாகிவிட்டிருந்தது. ஓட்டுபவர் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருப்பார். ஒருநாள் அவர் தலைக்கருகே கைத்தொலைபேசியைப் பிடித்துச் சத்தத்தை அளந்து பார்த்தேன். 97 டெசிபல் என்று காட்டியது. தொலைபேசி துல்லியமான கருவியல்ல, ஆனாலும் ஏறக்குறைய நிலையைச் சொல்லும்.

இந்த எண்ணுக்கு என்ன பொருள்? ஒரு மனிதர் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் 85 டெசிபல் சத்தத்தில் வேலை செய்யலாம் என்பது தொழிற்சுகாதாரத் துறையினர் பரவலாகக் கைக்கொள்ளும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் சத்தத்தின் சக்தி இரட்டிப்பாகிறது, எனவே அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணித்தியாலம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று, 97 என்றால் அரை மணித்தியாலம் மட்டுமே. எமது ஓட்டி நாளுக்கு இரண்டு முறை போய் வருகிறார். மொத்தம் மூன்று மணித்தியாலம். அதாவது ஆறு நாட்களுக்குரிய சத்தத்தை அவருடைய காது ஒரே நாளில் வாங்குகிறது.

இரைச்சலால் கெடும் காது எல்லாச் சத்தங்களையும் ஒன்றாக இழப்பதில்லை. கூர்மையான உயர்ந்த ஒலிகளே முதலில் போகின்றன. உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆண்களின் தடித்த குரல் கேட்கும். பெண்களின் குரலும் சிறுபிள்ளைகளின் மழலையும் தெளிவிழந்து போகும். இவர் தன் வீட்டைப்பற்றி என்னிடம் முறைப்பட்டது இப்படித்தான்: "சுவாமி, மனுசி இப்ப எல்லாத்தையும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறா. என்னோடை கோவம் போலை கிடக்கு." நான் வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அந்த அம்மா முணுமுணுக்கவில்லை. முன்பு பேசியதைவிடச் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தார்.

இது அவருடைய தனிப்பட்ட துன்பம் என்று விட்டுவிடலாமா? ஒரு மாலைப் பயணத்தில் முன்னணியத்தில் இருந்த ஒரு தாய், எதிரே வலையின் மிதப்புகள் தெரிவதைக் கண்டு கத்தினார். ஓட்டிக்குக் கேட்கவில்லை. மற்றவர்களும் கத்தினார்கள், அதுவும் கேட்கவில்லை. ஒருவர் பெட்டிகளுக்கு மேலால் ஏறி வந்து தோளில் தட்டியபோது வலை புறொப்பெல்லரில் சுற்றிவிட்டது. பெரிய ஆபத்து நிகழவில்லை, கடவுளுக்கு நன்றி. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அலையில் மிதந்து கிடந்தார்கள். வலை அயற்கிராமத்து மீனவர் ஒருவருடையது. ஏற்கெனவே "தோட்டக்காரருக்குக் கடலில் என்ன வேலை" என்று அங்கே முணுமுணுப்பு இருந்தது. நட்டஈடு கொடுத்துச் சமாதானமானோம். அந்தத் தொகையில் எஞ்சினுக்கு நான்கு றப்பர் தாங்கிகளும் ஒரு நல்ல சைலன்சரும் வாங்கியிருக்கலாம்.

இங்கே என் பங்கையும் சொல்லவேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன் குழுவின் கூட்டத்தில் படகுக்கென ஒதுக்கிய பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி எழுந்தது. ஓட்டி, எஞ்சின் உதறுகிறது என்றார். இளைஞர்கள் திருநாளுக்கு முன் புது வர்ணமும் மேற்கூரையும் வேண்டும் என்றார்கள். வர்ணத்துக்குக் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். உதவி தருபவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் நீலமும் வெள்ளையுமாக மினுங்கும் படகின் படம் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. நடுக்கம் குறைந்ததைப் படம் பிடிக்க முடியாது. திட்டப் பத்திரங்களை எழுதும் எங்களைப் போன்றவர்களின் பலவீனம் இது. கண்ணுக்குத் தெரிவதற்கே பணம் கேட்கப் பழகிவிட்டோம்.

இனி நோய்க்கு வருவோம். எங்கள் கரைகளில் ஒரு நம்பிக்கை உண்டு: சத்தம் போட்டால்தான் இழுவை இருக்கும் என்பது. சில இளைஞர்கள் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் படகு பறக்கிறது என்கிறார்கள். பறப்பது சத்தம் மட்டுமே. சரியான அளவில் அமைந்த சைலன்சர் எஞ்சினின் பலத்தில் மிகச் சிறு பங்கையே எடுக்கும். உண்மையில் பலத்தைக் கெடுப்பது இதற்கு நேரெதிரான பிழை: சத்தத்தைக் குறைக்கலாம் என்று நினைத்து ஒடுங்கிய குழாயை ஒட்டுவது. அப்போது புகை வெளியேற வழியின்றி எஞ்சின் சூடேறும், கரும்புகை கக்கும், டீசலைக் குடிக்கும். எஞ்சின் வாயில் எந்த விட்டமோ, கடைசிவரை அதற்குக் குறையாத விட்டமே குழாய்க்கு வேண்டும்.

பலர் செய்யும் இன்னொரு தவறு, ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிடுவது. படகில் சத்தம் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. புகைக்குழாயிலிருந்து ஒரு பங்கு. எஞ்சினின் உடலிலிருந்து ஒரு பங்கு. அதன் அதிர்வு கட்டைகள் வழியாக மரப் பலகைகளுக்குப் போய், முழுப் படகும் ஒரு பறையின் தோலாக மாறி எழுப்பும் சத்தம் இன்னொரு பங்கு. சம அளவான இரண்டு சத்தங்களில் ஒன்றை முற்றாக நிறுத்தினாலும் மொத்தம் 3 டெசிபல் மாத்திரமே குறையும். காதுக்கு அது அரிதாகவே தெரியும். சத்தம் பாதியாகிவிட்டது என்று மனிதர் உணர்வதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் குறையவேண்டும். ஆகவே புதுச் சைலன்சர் வாங்கியவர் "காசு கடலிலே" என்று சொன்னால் அவர்மீது குற்றமில்லை. அவர் பாதி வேலையில் நின்றுவிட்டார்.

முதலில் உதறல் எங்கிருந்து வருகிறதென்று பார்க்கவேண்டும். இதற்குக் கருவி வேண்டாம், கமக்காரரின் காதும் கையும் போதும். படகைக் கரையில் கட்டிவிட்டு, கியரில் போடாமல் எஞ்சினை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள். அப்போதே உதறினால் கோளாறு எஞ்சினில் அல்லது அதன் தாங்கிகளில் இருக்கிறது. ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். நின்ற நிலையில் அமைதியாக ஓடி, கியரில் போட்டு ஓடும்போது மட்டும் உதறினால் தண்டையும் புறொப்பெல்லரையும் பாருங்கள். எங்கள் படகில் வலை சுற்றிய பின் உதறல் முன்னிலும் கூடியது. கரைக்கு ஏற்றிப் பார்த்தபோது புறொப்பெல்லரின் ஓர் இதழ் சற்று வளைந்திருந்தது. தண்டோடு சுற்றி இறுகிய நைலோன் நூலும் கொஞ்சம் கிடந்தது. இதழ் ஒன்று கொஞ்சம் வளைந்தாலே போதும், ஒவ்வொரு சுற்றுக்கும் அது படகை ஒருமுறை உதைக்கும்.

அடுத்தது எஞ்சினும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது. கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரு தட்டுகளையும் மெதுவாகச் சேர்த்து, மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் இடைவெளியைப் பீலர் கேஜினால் அளக்கவேண்டும். தட்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. நான்கு அங்குலத் தட்டென்றால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. ஓர் அப்பியாசக் கொப்பித் தாளின் தடிப்பளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைப் படகு கரையில் இருக்கும்போது செய்வது வீண். மரப் படகு மண்ணில் இருக்கையில் ஒரு வடிவம், தண்ணீரில் மிதக்கையில் இன்னொரு வடிவம். ஓரிரு நாள் மிதக்கவிட்டு, தண்ணீரில் வைத்தே நேராக்கவேண்டும். எங்களுக்கு இதைக் காட்டித் தந்தவர் அயற்கிராமத்து முதிய மீனவர் ஒருவர். வலைச் சண்டைக்குப் பிறகு ஏற்பட்ட நட்பின் பலன்.

றப்பர் தாங்கிகளில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. கிணற்றடி மெசினுக்குச் செய்வதுபோல் பழைய ரயர்த் துண்டுகளை எஞ்சினின் காலடியில் வைத்து, மேலிருந்து நீண்ட போல்ட்டைப் போட்டு இறுக்குகிறார்கள். றப்பர் அடியில் இருக்கிறது, சரி. ஆனால் இரும்புப் போல்ட் எஞ்சினையும் கட்டையையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதிர்வு அந்தப் பாலத்தின் வழியே கடந்துவிடும். படகு எஞ்சினுக்கென்றே செய்த தாங்கிகளில் மேற்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் றப்பர் மட்டுமே இணைக்கும். எஞ்சினின் பாரத்துக்கும் சுற்று வேகத்துக்கும் பொருந்தியதாக அவற்றை வாங்கவேண்டும். மேலும், படகில் புறொப்பெல்லர் தள்ளும் விசை தண்டின் வழியே எஞ்சினுக்கே வருகிறது. கிணற்றடி மெசினுக்கு அந்தத் தள்ளுதல் இல்லை. மெத்தென்ற றப்பர் அதைத் தாங்காது. றப்பர் தாங்கி போட்டபின் எஞ்சின் சற்று அசையும். எனவே புகைக்குழாய், டீசல் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றிலும் வளைந்து கொடுக்கும் துண்டு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் அவை வெடிக்கும். புகைக்குழாய்க்குத் துருப்பிடிக்காத உருக்கினாலான நெளிகுழாய் கிடைக்கிறது. அது புகைக்குழாயின் நடுக்கம் பலகைக்குப் போவதையும் தடுக்கும்.

புகைக்குழாயைப்பற்றிச் சொல்லும்போது சத்தத்தைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. மாரி காலத்தில் மழைக்காகப் படங்குகளை இறக்கிவிட்டுப் பயணம் செய்கிறோம். ஓடும் படகின் பின்னால் காற்று சுழன்று, வெளியேறிய புகையையே திரும்ப உள்ளே இழுத்து வரும். குழாயில் வெடிப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பற்றவேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். பெற்றோல் எஞ்சினைவிட டீசலில் இது குறைவுதான், ஆனாலும் அடைபட்ட இடத்தில் ஆபத்து ஆபத்தே. பிள்ளைகள் தலையிடிக்கிறது, சத்தி வருகிறது என்றால் கடல் மயக்கம் என்று தேசிக்காயை முகரக் கொடுக்கிறோம். கடல் அமைதியாக இருந்த நாளிலும் மயக்கம் வருகிறதா என்று பாருங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. குழாயின் மூட்டுகளில் கரி படிந்த கறுப்புத் தடம் தெரிந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். வர்ணம் பூசுவதற்கு முன் அதை அடைக்கவேண்டும்.

பழைய படகுகளில் சூடான குழாயைச் சுற்றி வெண்சாம்பல் நிறக் கயிறோ நாடாவோ சுற்றியிருக்கும். அது அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் பிய்த்து எறியாதீர்கள். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் கொல்லும். நன்றாக நனைத்து, மூக்கையும் வாயையும் தகுந்த முகமூடியால் மூடிக்கொண்டு கழற்றி, பொலித்தீன் பையில் கட்டி, பிள்ளைகள் தோண்டாத இடத்தில் ஆழமாகப் புதைக்கவேண்டும். இப்போது அதற்குப் பதிலாகக் கண்ணாடி இழை நாடா கிடைக்கிறது.

கடல் தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்றால், அந்தத் தண்ணீரைப் புகைக்குழாய்க்குள் கலந்து வெளியேற்றும் முறை ஒன்று உண்டு. புகை குளிர்ந்து சுருங்கும், சத்தம் வெகுவாக அடங்கும், குழாயும் சூடாகாது. கேட்பதற்கு இலகு. ஆனால் இதை மட்டும் ஊர் வெல்டிங்காரரிடம் விடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். தண்ணீர் கலக்கும் இடம் கடல் மட்டத்துக்குப் போதிய உயரத்தில் இல்லாவிட்டால், எஞ்சின் நின்றபின் கடல் மெல்ல மெல்ல உறிஞ்சப்பட்டுச் சிலிண்டருக்குள் ஏறும். அதைத் தடுக்கும் வால்வு வேண்டும். குழாய் வெளிவாயை நோக்கிச் சரிந்திருக்கவேண்டும். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்றினாலும் குழாயில் தண்ணீர் நிறைந்து உள்ளே போகும்; அந்த வேளையில் கடல் வால்வைப் பூட்டிவிட்டே சுற்றவேண்டும். ஒரு காலைப்பொழுதின் கவனக்குறைவில் எஞ்சின் முழுவதும் போய்விடும்.

எஞ்சின் பெட்டி கடைசி வேலை. இருமடங்குப் பலகை, நடுவில் பாரமான றப்பர் விரிப்பு, உட்புறம் தீப்பற்றாத கனிமப் பஞ்சு, அதன்மேல் துளையிட்ட தகடு. சணற்சாக்கும் மெத்தைப் பஞ்சும் வேண்டாம். எண்ணெயில் ஊறினால் அது திரி. ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் செய்த வேலையின் பெரும் பகுதி அதனூடாக வெளியேறிவிடும். அதற்காக முற்றாக மூடவும் கூடாது, எஞ்சினுக்கு மூச்சு வேண்டும். காற்று நேராக வராமல் வளைந்து வளைந்து வரும் வழி ஒன்றை அமைத்து, அதன் உட்புறத்திலும் பஞ்சை ஒட்டவேண்டும்.

முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இவ்வளவும் எதுக்குச் சுவாமி? நாங்கள் கேட்காத சத்தமோ?" அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1993 இல் இரவுகளில் கிளாலி நீரேரியைக் கடந்தவர் அவர். ஒன்றோடொன்று பிணைத்த வள்ளங்களை மோட்டார் வள்ளம் ஒன்று இழுத்துச் செல்ல, அந்த மோட்டாரின் சத்தம் கடற்படைக்குக் கேட்டுவிடுமோ என்று செபமாலையை வாய்க்குள்ளேயே சொன்ன சனம் நாங்கள். அந்தச் சத்தத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே பொறுக்கக்கூடியதுதான். ஆனால் பொறுக்கப் பழகியவர்கள் என்பதற்காக எங்கள் தலையில் எதையும் ஏற்றலாம் என்ற நினைப்பு உதவி செய்ய வருபவர்களிடமும் இருக்கிறது, அதைவிட மோசமாக எங்களிடமே இருக்கிறது. அகதிக்குத் தகரக் கொட்டில் போதும், அகதியின் பிள்ளைக்கு உதறும் படகு போதும். இதை நான் ஏற்கவில்லை.

ஓட்டிக்குக் காதுமூடி வாங்கிக் கொடுத்தோம். காதில் பஞ்சை அடைப்பதால் பயன் மிகக் குறைவு. எஞ்சினின் சத்தம் கேட்காவிட்டால் கோளாறு தெரியாது என்று முதலில் மறுத்தார். போட்டுப் பார்த்தபின் தட்டும் சத்தம் அப்போதும் தெரிகிறது என்கிறார். ஆனால் காதுமூடி ஒரு மனிதரின் காதுக்கு மட்டுமே. முன்னணியத்தில் பார்த்திருப்பவருக்கும் அவருக்கும் நடுவே ஒரு கயிறும் மணியும் கட்டினோம். செலவு மிகச் சிறியது, வலைச் சம்பவத்துக்கு முன்பே செய்திருக்கவேண்டியது.

இதை எழுதும் வேளையில் புறொப்பெல்லர் நிமிர்த்தப்பட்டு, தண்டு நேராக்கப்பட்டிருக்கிறது. தாங்கிகள் இன்னும் வாங்கவில்லை. அதே இடத்தில் அதே தொலைபேசி 92 என்று காட்டுகிறது. ஓட்டிக்கு அது இன்னும் அதிகம்தான். ஆனால் நடுப்பலகையில் இருந்த இரண்டு பெண்கள் வெங்காய விலையைப்பற்றி வாக்குவாதப்படுவது எனக்குக் கேட்டது. அடுத்த கூட்டத்தில் தாங்கிகளுக்கும் நெளிகுழாய்க்கும் பணம் கேட்கப்போகிறோம். கூரை ஒழுகுகிறது என்று இளைஞர்கள் எதிர்ப்பார்கள் என்று தெரியும். தாங்கி வாங்கப் பட்டினத்துக்குப் போகிறவர்கள் எஞ்சினின் பெயர்த் தகட்டிலுள்ள இலக்கங்களையும் காலடித் துளைகளின் இடைவெளியையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். வேறு கரைகளில் இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள், பலித்ததையும் பலிக்காததையும் ஆசிரியருக்கு எழுதினால் அடுத்த இதழில் வெளியிடலாம்.